எந்த ப்ராசஸருக்காக பில்ட் செய்கிறோம்?

சோர்ஸிலிருந்து, அதாவது மனிதர்கள் எழுதிய மூல நிரலிலிருந்து, ஒரு இயங்குதளத்தை பில்ட் செய்ய உட்கார்ந்தால், ஒரு வரிகூட ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக கம்பைல் ஆவதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: எந்த ப்ராசஸருக்காக? லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இதை ‘ஆர்ச்’ என்ற ஒரே மாறியில் கேட்கிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ‘டார்கெட்’, ‘டார்கெட் ஆர்ச்’ என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறது. நெட்பிஎஸ்டியின் பில்ட் ஸ்க்ரிப்ட், சொன்ன ப்ராசஸருக்கான கம்பைலரை முதலில் தானே கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. ஜென்டூ என்ற லினக்ஸ் விநியோகத்தில் அந்தப் பதில் அமைப்புக் கோப்பின் முதல் சில வரிகளில் உட்கார்ந்திருக்கிறது.

பெரும்பாலோர் தங்கள் மேசையில் இருக்கும் கணினியின் பெயரைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு கணினிக்கு மட்டும் என்றால் அதில் தவறே இல்லை. ஆனால் பில்ட் செய்ததை வேறொரு கணினியில் நிறுவப்போகிறோம், நாலு பேருக்குக் கொடுக்கப்போகிறோம் என்றால் கதை வேறு. இது யாருடைய கணினியில் ஓடும், யாருடையதில் ஓடாது என்பதை அந்தப் பதில் அப்போதே முடிவு செய்துவிடுகிறது.

பார்க்க ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. எந்தக் குடும்பத்து ப்ராசஸர், எந்த ஏபிஐ (அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ்), கட்டளைத் தொகுப்பில் எந்த மட்டம், ப்ராசஸரைச் சுற்றியிருக்கும் போர்டும் நினைவகப் பக்க அளவும் (நினைவகத்தைக் கெர்னல் பிரித்துக் கையாளும் துண்டின் அளவு) என்ன. இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், பின்னால் மனம் மாறினால் ஆகும் செலவு ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதுதான். கம்பைலரிடம் ‘இந்த ப்ராசஸருக்குத் தோதாக வரிசைப்படுத்து’ என்று சொன்னதை நாளைக்கே மாற்றலாம், யாருக்கும் தெரியாது. கட்டளை மட்டத்தை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், ஆனால் பழைய பேக்கேஜ்களும் கூடவே ஓடும். ஏபிஐயை மாற்றினாலோ, ஏற்கெனவே கம்பைல் ஆன ஒன்றுகூட மிஞ்சாது. விவாதங்கள் எல்லாம் முதல் வகையைச் சுற்றியே நடக்கின்றன. யோசிக்க வேண்டியதோ கடைசி வகையைப் பற்றி.

ஏபிஐ: மாற்ற முடியாத ஒப்பந்தம்

தனித்தனியே கம்பைல் ஆன இரண்டு நிரல் துண்டுகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்வதற்கான ஒப்பந்தம்தான் ஏபிஐ. ஃபங்ஷனுக்கு அனுப்பும் எண் எந்த ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில்) போகும், ஒரு பாயின்டருக்கு எத்தனை பைட், தேதியும் நேரமும் எத்தனை பிட்டில் எழுதப்படும் என்பதெல்லாம் இதில் அடங்கும். ப்ராசஸர் ஒன்றே ஆனாலும் ஏபிஐ வேறாக இருந்தால் அவை இரண்டு வெவ்வேறு இயங்குதளங்கள் மாதிரிதான்.

இதற்கு ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியின் முதல் போர்டை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2012-ல் அது வந்தபோது அதிலிருந்தது ஆர்ம் வி6 ப்ராசஸர். தசம எண்களைக் கணக்கிட அதில் தனி வன்பொருள் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் அப்போது 32 பிட் ஆர்ம் ப்ராசஸர் குடும்பத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ‘ஆர்ம்இஎல்’: பழைய ப்ராசஸரிலும் ஓடும், ஆனால் தசம எண்களைச் சாதாரண ரெஜிஸ்டர் வழியாகவே அனுப்பும், கணக்கையும் மென்பொருளிலேயே போடும். மற்றொன்று ‘ஆர்ம்எச்எஃப்’: தசம எண்களை அதற்கான ரெஜிஸ்டரிலேயே அனுப்பும், ஆனால் ஆர்ம் வி7 வேண்டும். பை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முதல் வழியில் போனால் வன்பொருள் சும்மா கிடக்கும். இரண்டாவதில் போனால் ஓடவே ஓடாது.

அதனால்தான் ராஸ்ப்பியன் பிறந்தது. டெபியனின் பேக்கேஜ்களை எல்லாம் ஆர்ம் வி6-க்காக, ஆனால் ஆர்ம்எச்எஃப் ஏபிஐயில், ஒரு சிறு குழு மறுபடி கம்பைல் செய்தது. மிகப் பெரிய உழைப்பு அது. அந்த விலை மலிவான போர்டு உலகெங்கும் பயன்படும் கணினியானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரு சிக்கல் மிஞ்சியது. ஏபிஐ ஒன்றே என்பதால் ராஸ்ப்பியனும் தன் பேக்கேஜ்களுக்கு ஆர்ம்எச்எஃப் என்றே பெயர் வைத்தது. டெபியனின் ஆர்ம்எச்எஃப் பேக்கேஜ் ஒன்றை எடுத்து முதல் பையில் நிறுவினால் பேக்கேஜ் மேலாளர் மறுப்பே சொல்லாது. நிறுவி முடித்து ஓட்டும்போது, ஆர்ம் வி7 கட்டளை ஒன்று எதிர்ப்பட்ட இடத்தில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று நிரல் செத்துப்போகும். ஏபிஐயும் கட்டளை மட்டமும் வெவ்வேறு கேள்விகள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். பெயர் ஏபிஐயைத்தான் சொல்கிறது, மட்டத்தைச் சொல்வதில்லை.

ஹைக்கூ இயங்குதளத்தின் கதை இன்னும் சுவையானது. அது பிஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்தது. பிஓஎஸ்ஸுக்காக எழுதிய நிரல்கள் ஜிசிசி 2.95 கம்பைலரில் உருவானவை. ஜிசிசி 3 வந்தபோது சி ப்ளஸ் ப்ளஸ்ஸின் ஏபிஐயே மாறிவிட்டது. ஃபங்ஷன்களின் பெயர்கள் பைனரிக்குள் எழுதப்படும் முறையும் வகுப்புகளின் உள்ளமைப்பும் வேறாகிவிட்டன. பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்றால் ஹைக்கூவின் முக்கிய லைப்ரரிகளை இன்றும் அந்தப் பழங்கால கம்பைலரில்தான் கட்ட வேண்டும். அதனால் ஹைக்கூவை 32 பிட்டுக்கு பில்ட் செய்யும்போது இரண்டு கம்பைலர்கள் தயாராகின்றன: பழைய ஜிசிசி 2 முதன்மை, புதிய ஜிசிசி துணை. லைப்ரரிகள் இரண்டு படிகளாக அருகருகே இருக்கும். 64 பிட் பதிப்பில் இந்தச் சுமை எதுவும் இல்லை. பழைய நிரல்களும் ஓடா. ஆக அங்கே 32-ஆ 64-ஆ என்ற கேள்வி நினைவக அளவைப் பற்றியது மட்டுமல்ல. பழைய நிரல்கள் உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதே அந்தக் கேள்வி.

நேரக் கணக்கும் இதே ரகம்தான். 32 பிட் எண்ணில் நேரத்தை எழுதும் இயங்குதளங்களுக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதியோடு எண் தீர்ந்துவிடும். டெபியன் 13-ல் 32 பிட் ஆர்ம் உட்பட மற்ற 32 பிட் வடிவங்களை 64 பிட் நேரத்துக்கு மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களைத் தொட்ட ஏபிஐ மாற்றம் அது. இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களின் எக்ஸ்86 குடும்பத்துக்கான 32 பிட் வடிவமான ஐ386-ஐ மட்டும் தெரிந்தே விட்டுவைத்தார்கள். பழைய, சோர்ஸ் கிடைக்காத 32 பிட் நிரல்களை ஓட்டுவதே இனி அதன் வேலை. அவற்றின் ஏபிஐயை உடைத்துவிட்டால் அதை வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை. எதற்காக ஒரு ஆர்க்கிடெக்சரை (ப்ராசஸர் குடும்பத்தை) ஆதரிக்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு என்று இதைச் சொல்வேன்.

கட்டளை மட்டம்: வருடத்தை நம்பாதீர்கள்

சரி, 64 பிட் எக்ஸ்86 என்று முடிவாகிவிட்டது. அதற்குள் எந்த மட்டம்? 2003-ல் ஏஎம்டியின் ஆப்டெரான் ப்ராசஸரோடு வந்த கட்டளைத் தொகுப்புதான் இதன் தொடக்கம். பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் வெக்டர் கட்டளைகளில் எஸ்எஸ்இ2 வரை அதில் உண்டு. அதற்குப் பின் வந்தவை எல்லாம் ஒவ்வொரு ப்ராசஸரிலும் ஒவ்வொரு விதமாகச் சேர்ந்தவை. எதை நம்பி கம்பைல் செய்வது என்ற குழப்பம் நீண்ட காலம் இருந்தது. 2020-ல் இன்டெல், ஏஎம்டி, ரெட் ஹேட், சூசே ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து மட்டங்களை வகுத்தன. வி1 என்பது 2003-ன் தொகுப்பு. வி2-வில் எஸ்எஸ்இ4.2 வரையும் பாப்கவுன்ட் போன்ற சிலவும் சேரும். வி3-ல் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ1, பிஎம்ஐ2. வி4 என்பது ஏவிஎக்ஸ்-512-ன் ஐந்து பிரிவுகள். ஜிசிசி 11, க்ளாங் 12 முதல் இந்தப் பெயர்களை அப்படியே கம்பைலருக்குக் கொடுக்கலாம்.

ரெட் ஹேட்டின் லினக்ஸ் விநியோகமான ஆர்எச்இஎல் 9 வி2-வைக் குறைந்தபட்சமாக வைத்தது. ஆர்எச்இஎல் 10 வி3-க்கு ஏறியது. ஏறக்குறைய அதே சோர்ஸை எடுத்துக் கட்டும் அல்மாலினக்ஸ், பழைய கணினி வைத்திருப்பவர்களுக்காக 10-ஆம் பதிப்பின் வி2 வடிவத்தையும் தனியாகத் தருகிறது. ஏறக்குறைய ஒரே சோர்ஸ், இரண்டு முடிவுகள். இரண்டும் சரியானவைதான், ஏனென்றால் யாருக்காகக் கட்டுகிறோம் என்பது வேறு.

இங்கே பலரும் ஒரு கணக்கைப் போட்டு ஏமாறுகிறார்கள். ‘வி3 என்பது 2013-ல் வந்த ஹாஸ்வெல் ப்ராசஸரின் மட்டம், அதற்குப் பின் வாங்கிய கணினி எல்லாவற்றிலும் ஓடும்’ என்பதே அந்தக் கணக்கு. ஓடாது. இன்டெல் தன் பென்டியம், செலெரான் பெயர்களில் விற்ற ப்ராசஸர்களில் ஏவிஎக்ஸை நீண்ட காலம் முடக்கியே வைத்திருந்தது. 2020-ல் வந்த காமெட் லேக் தலைமுறையின் பென்டியம் கோல்டிலும் ஏவிஎக்ஸ்2 கிடையாது. ஆக 2013-ன் ஐ5 கணினியில் வி3 ஓடும். அதைவிட ஏழு ஆண்டு இளைய பென்டியத்தில் ஓடாது. ஏஎம்டி பக்கம் பார்த்தால், ஃபெனோம் 2-ல் எஸ்எஸ்எஸ்இ3-யே இல்லை, அதனால் அது வி2-வுக்கே தேறாது. வி4-ன் நிலைமை இன்னும் விநோதம். 2017-ல் ஸ்கைலேக் சர்வர் ப்ராசஸர்களில் ஏவிஎக்ஸ்-512 வந்தது. 2021-ன் ஆல்டர் லேக் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் இன்டெல் அதை அணைத்துவிட்டது. ஏஎம்டியோ 2022-ல் ஸென் 4-ல் சேர்த்தது. புதியது எல்லாம் மேல்மட்டம், பழையது எல்லாம் கீழ்மட்டம் என்ற ஒழுங்கே இங்கு இல்லை.

மெய்நிகர் கணினிகளில் இது வேறு உருவத்தில் வரும். மெய்நிகர் கணினியை ஓட்டும் க்யூஎம்யூ மென்பொருளில் ப்ராசஸர் வகையைக் குறிப்பிடாமல் விட்டால் அது காட்டும் பொதுவான மாடலில் எஸ்எஸ்இ4.2 இல்லை. அடியில் இருப்பது எவ்வளவு புதிய ப்ராசஸரானாலும் உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு அது தெரியாது. வி2-வுக்காகக் கட்டிய ஜிலிப்சி (பெரும்பாலான நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி) தொடங்கும்போதே ப்ராசஸரைச் சோதித்து, இந்த மட்டம் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். கெர்னல் ஏறிய கையோடு முதல் நிரலிலேயே நின்றுபோவதால், பார்ப்பவருக்கு ஏதோ டிஸ்க் பிரச்சினை என்றுதான் தோன்றும். அந்த ஒரு வரியாவது வருகிறதே என்று சந்தோஷப்பட வேண்டும்.

ஏனென்றால், அப்படிப்பட்ட சோதனை இல்லாத இடங்களில் இது இன்னும் மோசமாக வெளிப்படும். கம்பைலர் புதிய கட்டளையை எங்கே பயன்படுத்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கணினி பூட் ஆகலாம், லாகின் ஆகலாம், ஒரு வாரம் ஓடலாம். பிறகு ஒரு படத்தைத் திறக்கும்போது சாகலாம். ஜிசிசி 12 முதல், நிரலை வேகப்படுத்தும் அளவைச் சொல்லும் ஆணைகளில் சாதாரணமான ஓ2 நிலையிலேயே லூப்களை வெக்டர் கட்டளைகளாக மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. முன்பு ஓ3 போட்டவர்களுக்கு மட்டும் இருந்த வாய்ப்பு இப்போது எல்லோருக்கும்.

‘நேட்டிவ்’ எப்போது சரி

கம்பைலருக்கு இரண்டு விதமான ஆணை கொடுக்கலாம். எம்-ஆர்ச் என்பது எந்தெந்தக் கட்டளைகளைப் பயன்படுத்த அனுமதி என்பதைச் சொல்கிறது. எம்-ட்யூன் என்பது அனுமதித்த கட்டளைகளுக்குள் எந்த ப்ராசஸருக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்த வேண்டும் என்பதைச் சொல்கிறது. முன்னது தப்பானால் நிரல் ஓடாது. பின்னது தப்பானால் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். அனுமதியைக் கீழே வைத்து, ட்யூனை மட்டும் பயனாளர்களில் பெரும்பாலோர் வைத்திருக்கும் ப்ராசஸருக்குத் திருப்பிவிடுவது பலருக்கும் நினைவுக்கு வராத, ஆனால் மிகவும் பாதுகாப்பான வழி.

எம்-ஆர்ச்சுக்கு ‘நேட்டிவ்’ என்று எழுதினால், கம்பைல் நடக்கும் கணினியைக் கம்பைலர் விசாரித்து, அதிலிருக்கும் எல்லாவற்றுக்கும் அனுமதி தந்துவிடும். கட்டுவதும் ஓட்டுவதும் ஒரே கணினியில் என்றால் இதுவே நல்ல தேர்வு. வேகமான கணினியில் கட்டி மெதுவான கணினியில் நிறுவுவது என்றால் முதலுக்கே மோசம், ஏனென்றால் கட்டும் கணினிதான் பெரும்பாலும் புதியது. பல கணினிகளுக்கு வேலையைப் பகிர்ந்து கம்பைல் செய்பவர்கள் அந்தச் சொல்லையே தொடக்கூடாது; ஒவ்வொரு கணினிக்கும் ‘நேட்டிவ்’ வேறு. ப்ராசஸரின் பெயரையோ மட்டத்தையோ வெளிப்படையாக எழுதுங்கள். இதில் இன்னொரு நன்மை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எதற்காகக் கட்டினோம் என்பது கோப்பிலேயே இருக்கும்.

மேல்மட்டம் என்றாலே வேகம் என்பதும் உறுதியில்லை. பிஎம்ஐ2-வில் பிஇஎக்ஸ்டி என்றொரு கட்டளை உண்டு, சிதறிக்கிடக்கும் பிட்டுகளைச் சேர்த்தெடுப்பது. இன்டெலின் ஹாஸ்வெலில் அதற்கு 3 சைக்கிள். ஏஎம்டியின் முதல் இரண்டு ஸென் தலைமுறைகளிலும் அது மைக்ரோகோடில், அதாவது ப்ராசஸருக்குள் பல சிறு படிகளாக, நடப்பதால் பல மடங்கு மெதுவாகும். 2020-ன் ஸென் 3-ல்தான் சரியானது. கட்டளை இருக்கிறது என்று ப்ராசஸர் சொல்வது உண்மை, அதைப் பயன்படுத்துவதில் லாபம் என்பது வேறு விஷயம். வேகத்துக்காக மட்டத்தை ஏற்றுபவர்கள், தாங்கள் உண்மையில் ஓட்டும் வேலையை வைத்து அளந்து பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

கெர்னலுக்கு வேறு நியாயம்

மேலே சொன்னதெல்லாம் நிரல்களுக்கும் லைப்ரரிகளுக்கும்தான். கெர்னலை கம்பைல் செய்யும்போது ப்ராசஸர் வகையை மாற்றிப் பெரிய வேகம் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். எக்ஸ்86 லினக்ஸ் கெர்னல், எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் கட்டளைகளைப் பயன்படுத்தவே கூடாது என்று கம்பைலருக்குத் தடை போட்டுத்தான் கம்பைல் ஆகிறது. காரணம் எளிது. அந்த ரெஜிஸ்டர்களில் இருப்பது அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரலின் எண்கள். கெர்னலும் அதில் கைவைத்தால், உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் அவற்றை எல்லாம் எடுத்துவைத்துத் திருப்பிவைக்க வேண்டும். குறியாக்கம், பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டின் கணக்கு போன்ற சில இடங்களில் மட்டும், தொடக்கமும் முடிவும் சொல்லிவிட்டு கெர்னல் அவற்றைப் பயன்படுத்துகிறது.

அப்படியென்றால் புதிய ப்ராசஸரின் வசதிகள் கெர்னலுக்கு வேண்டாமா? வேண்டும், ஆனால் அதை கம்பைல் நேரத்தில் முடிவு செய்வதில்லை. பூட் ஆகும்போது ப்ராசஸர் என்னவென்று பார்த்து, கெர்னல் தன் சொந்தக் கட்டளைகளையே நினைவகத்தில் திருத்தி எழுதிக்கொள்கிறது. உதாரணமாக, பல கோர்கள் உள்ள கணினிகளுக்காகக் கட்டிய கெர்னலில் பூட்டு போடும் இடங்களில் ‘லாக்’ என்ற முன்னொட்டு இருக்கும். அது ஒரே கோர் உள்ள கணினியில் ஏறினால், அந்த முன்னொட்டுகளைத் தேடித்தேடி விளைவில்லாத வேறொரு பைட்டாக மாற்றிவிடும். இதனால்தான் ஒரே பொதுவான கெர்னல் ஆயிரம் விதமான கணினிகளில் நன்றாகவே ஓடுகிறது. 2025-ல் வந்த 6.16 கெர்னலில் ‘நேட்டிவ்’ ஆகக் கட்டும் வாய்ப்பு அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அதைப் போட்டுவிட்டு அந்தக் கெர்னலை இன்னொரு கணினிக்கு எடுத்துப்போகாதீர்கள்.

கெர்னலில் கீழ்வரம்பை உயர்த்துவதற்கான காரணமும் பெரும்பாலும் வேகம் இல்லை, பராமரிப்பு. லினக்ஸ் 1991-ல் எழுதப்பட்டதே 386 கணினிக்காகத்தான். ஆனாலும் 2012 டிசம்பரில், கெர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான இங்கோ மோல்னார் அனுப்பிய மாற்றங்களோடு 386-க்கான ஆதரவு நீங்கியது. 2013-ல் வந்த 3.8 கெர்னலில் அது இல்லை. அந்த ப்ராசஸரில் ‘ஒப்பிட்டு மாற்று’ கட்டளை கிடையாது. எழுதக்கூடாது என்று குறித்த நினைவகப் பக்கத்தில் கெர்னலே எழுத முயன்றால் அதைத் தடுக்கும் வசதியும் இல்லை. இந்த இரண்டு குறைகளையும் சமாளிக்க, கெர்னலின் மையப் பகுதிகளில் தனி வழிகளைக் காத்துவர வேண்டியிருந்தது. பல கோர் ப்ராசஸர்களுக்காக ஒவ்வொரு முறை அந்தப் பகுதியைத் தொட்டபோதும், யாரும் சோதிக்காத அந்தப் பழைய வழி குறுக்கே நின்றது. ஆதரவின் உண்மையான விலை இதுதான்: வன்பொருள் எவ்வளவு பழையது என்பதைவிட, அதற்காக மற்ற எல்லோருடைய நிரலிலும் என்னென்ன சுமை ஏறுகிறது என்பது.

ஓடும்போது தேர்ந்தெடுப்பது

கீழ்வரம்பைத் தாழ்வாக வைத்தால் புதிய கணினிகளுக்கு நஷ்டம், உயர்வாக வைத்தால் பழையவை வெளியே என்று இதை இழுபறியாகவே பலர் பார்க்கிறார்கள். அவ்வளவு இறுக்கமான தேர்வு இல்லை இது. ஜிலிப்சியில் நினைவகத்தைப் பிரதி எடுக்கும் ஃபங்ஷனுக்குப் பல வடிவங்கள் உள்ளன; நிரல் தொடங்கும்போது ப்ராசஸருக்குப் பொருத்தமானது இணைக்கப்படுகிறது. 2021-ல் வந்த ஜிலிப்சி 2.33 முதல் லைப்ரரிகளுக்கும் இது விரிந்தது. லைப்ரரி கோப்புறைக்குள் வி2, வி3, வி4 என்று துணைக் கோப்புறைகள் வைக்கலாம். கணினி தாங்கும் மிக உயர்ந்ததை, லைப்ரரிகளை நினைவகத்தில் ஏற்றும் லோடர் தானே எடுத்துக்கொள்ளும். முழு இயங்குதளத்தையும் வி1-ல் கட்டி, வேகம் உண்மையிலேயே முக்கியமான பத்துப் பதினைந்து லைப்ரரிகளுக்கு மட்டும் வி3 வடிவமும் கட்டி வைத்தால் போதும். சுருக்குதல், குறியாக்கம், வீடியோ, அணிக் கணக்கு ஆகியவைதான் பெரும்பாலும் அந்தப் பட்டியல். சொந்தமாக ஒரு விநியோகத்தை உருவாக்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழிதான்.

64 பிட் ஆர்மிலும் இப்படி ஒன்று உண்டு. ஆர்ம் வி8.1-ல் பல கோர்களுக்கு இடையே எண்ணை ஒரே அடியில் மாற்றும் புதிய கட்டளைகள் வந்தன. ராஸ்ப்பெரி பை 4-ல் இருப்பது வி8.0 என்பதால் அதில் அவை இல்லை. ஜிசிசி 10 முதல், இப்படிப்பட்ட இடங்களில் ஒரு சிறு துணை ஃபங்ஷனைக் கம்பைலர் கூப்பிடுகிறது. புதிய கட்டளை இருக்கிறதா என்று அது ஓடும்போது பார்த்துக்கொள்கிறது. எந்த ஆப்ஷனும் தர வேண்டியதில்லை.

ப்ராசஸருக்கு வெளியே

எக்ஸ்86-லிருந்து ஆர்முக்கு வருபவர்கள் தடுக்கி விழும் இடம் கட்டளைத் தொகுப்பு இல்லை, போர்டுதான். எக்ஸ்86 கணினியில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்பதை அதிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் சொல்லிவிடும். பல ஆர்ம் போர்டுகளில் அப்படி இல்லை. எந்த முகவரியில் எந்தச் சாதனம் என்பதை ‘டிவைஸ் ட்ரீ’ என்ற கோப்பில் எழுதிக் கெர்னலிடம் கொடுக்க வேண்டும். 2012-ன் லினக்ஸ் 3.7 வரை 32 பிட் ஆர்மில் பல குடும்ப போர்டுகளுக்கு ஒரே கெர்னல் என்பதே சாத்தியமில்லாமல் இருந்தது. ‘ஆர்ம்64-ஐ ஆதரிக்கிறோம்’ என்று சொல்வது பாதி வாக்கியம்தான். எந்தெந்த போர்டுகள் என்பது மீதிப் பாதி.

நினைவகப் பக்க அளவும் இங்கே முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியது. 64 பிட் ஆர்ம் கெர்னலை 4, 16, 64 கிலோபைட் ஆகிய மூன்று அளவுகளில் ஒன்றைத் தேர்ந்து கட்டலாம். எல்லா ப்ராசஸரும் மூன்றையும் தாங்காது. ஆப்பிளின் எம்1 வகைக் கணினிகளில் லினக்ஸ் 16-ல் ஓடுகிறது. ராஸ்ப்பெரி பை 5-ன் இயல்பான கெர்னலும் 16-தான். பெரிய பக்கம் வேகம் தரும், ஆனால் 4 என்று நம்பிக் கம்பைல் ஆன நிரல்கள் உடையும். ஜெமல்லாக் என்ற நினைவக ஒதுக்கி இதற்குப் பேர்போனது: கட்டும்போது தெரிந்த பக்க அளவை விடப் பெரியதில் ஓட்டினால், ஆதரிக்காத பக்க அளவு என்று சொல்லித் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அதைப் பெரிய அளவுக்குக் கட்டிவிட்டால் சிறிய அளவிலும் ஓடும். ஆக, கெர்னல் 4-ல் இருந்தாலும் லைப்ரரிகளை 64-க்குத் தயாராகக் கட்டிவைப்பது நல்லது. ஆர்எச்இஎல்லே 8-ஆம் பதிப்பு வரை 64 கிலோபைட்டில் இருந்துவிட்டு 9-ல் இயல்பை 4-க்கு மாற்றிக்கொண்டது.

ரிஸ்க்-ஃபைவ் என்ற ப்ராசஸர் குடும்பத்தில் இந்தக் கேள்விகள் எல்லாம் இன்னும் திறந்தே கிடக்கின்றன. அதன் அடிப்படைத் தொகுப்பு மிகச் சிறியது. பெருக்கல்கூட ஒரு நீட்சிதான். டெபியன் போன்றவை ‘ஆர்வி64ஜிசி’ என்ற சேர்க்கையைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொண்டன. 2025-ல் வந்த டெபியன் 13-ல் அது அதிகாரபூர்வ ஆர்க்கிடெக்சரானது. உபுண்டுவோ அதே ஆண்டு அக்டோபரில் 25.10 பதிப்பில் ஆர்விஏ23 என்ற தகுதிக்குத் தாவியது. வெக்டர் கட்டளைகளைக் கட்டாயமாக்கும் தகுதி அது. அதுவரை விற்பனையான போர்டுகள் அநேகமாக எல்லாமே வெளியே போயின. வரப்போகும் கணினிகளுக்காக இப்போதே வரம்பை உயர்த்துவதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் இந்த ஆர்க்கிடெக்சரை ஆரம்பத்திலிருந்து கையில் வைத்துச் சோதித்து, பிழைகளை எழுதி அனுப்பியவர்களிடம் இருப்பது பழைய போர்டுகள்தான். டெபியனின் முடிவே எனக்குச் சரியாகப் படுகிறது.

கட்ட முடியும், சோதிக்க முடியுமா?

ஆதரிக்கிறோம் என்று அறிவிப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கெர்னலும் சி கம்பைலரும் மட்டும் இருந்தால் போதாது. 2021 பிப்ரவரியில் பைதானின் ‘க்ரிப்டோகிராஃபி’ லைப்ரரி தன் ஒரு பகுதியை ரஸ்ட் மொழிக்கு மாற்றியபோது, ரஸ்ட் கம்பைலரே இல்லாத ஆல்ஃபா, எச்பிபிஏ போன்ற ஆர்க்கிடெக்சர்களில் அதைக் கட்ட முடியாமல் போனது. அந்த லைப்ரரியை நம்பிய நூற்றுக்கணக்கான நிரல்களும் கூடவே நின்றன. 32 பிட் எக்ஸ்86-லும் இதே கதை: ரஸ்ட்டின் வழக்கமான இலக்கு எஸ்எஸ்இ2-வை எதிர்பார்க்கிறது. டெபியன் 13-ம் தன் ஐ386-க்கு எஸ்எஸ்இ2-வைக் கட்டாயமாக்கியதோடு, அதற்கான கெர்னலையும் நிறுவியையும் நிறுத்திவிட்டது.

இரண்டாவது, சோதனை. வி2 என்று அறிவித்துவிட்டு, புத்தம் புதிய கணினியில் மட்டும் சோதித்தால் எந்தப் பிழையும் தெரியாது. ஏதோ ஒரு பேக்கேஜின் பில்ட் ஸ்க்ரிப்டில் ‘நேட்டிவ்’ ஒளிந்திருக்கும். அது உங்கள் கணினியில் அழகாக ஓடும். க்யூஎம்யூவில் நெஹாலெம் போன்ற பழைய மாடலைத் தேர்ந்து சோதிப்பது நல்ல யோசனைதான், ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. அடியிலிருக்கும் ப்ராசஸரையே நேரடியாகப் பயன்படுத்தும் கேவிஎம் வழியாக ஓட்டினால், வசதி இல்லை என்று ப்ராசஸர் பட்டியலில் காட்டுவது மட்டுமே நடக்கும். பிஎம்ஐ போன்ற பல கட்டளைகளை அடியிலிருக்கும் உண்மையான ப்ராசஸர் தடையின்றி நிறைவேற்றிவிடும். பிழையுள்ள நிரலும் தேறிவிடும். மெதுவாக இருந்தாலும் கேவிஎம்மை அணைத்து, ப்ராசஸரையே மென்பொருளால் போலச் செய்யும் முழு எமுலேஷனில் ஓட்டினால்தான் உண்மை தெரியும்.

அப்புறம், நிறுவியின் முதல் திரையிலேயே ப்ராசஸரைச் சோதியுங்கள். டிஸ்க்கைப் பிரித்து, பழைய இயங்குதளத்தை அழித்த பிறகு ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று நிற்பதை விட, எதையும் தொடுவதற்கு முன்பே ‘இந்தப் பதிப்புக்கு வி3 வேண்டும், உங்கள் ப்ராசஸர் வி2, அதற்கான பதிப்பு இங்கே இருக்கிறது’ என்று சொல்வது பத்து வரி ஸ்க்ரிப்ட். ஆனால் அந்தச் சோதனை ஸ்க்ரிப்டை ஓட்டும் ஷெல்லையும் அது நம்பியிருக்கும் லைப்ரரிகளையும் வி1-ல்தான் கட்ட வேண்டும். மற்றவற்றோடு சேர்த்து வி3-ல் கட்டிவிட்டால், செய்தியைச் சொல்ல வேண்டிய நிரலே முதலில் சாகும்.